எத்தனை லிட்டர் ஓடுது?

இதயம் திடீரெனத் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வருவார்கள். நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர் ஒரு மணி, இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்திருப்பார். தலையணையை இரண்டாக்கிப் பார்த்திருப்பார். ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருப்பார். அதுவும் போதாமல் வாசற்படிக்கு வந்து காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். அதற்குள் வீடே விழித்து, ஆட்டோவோ 108 வண்டியோ பிடித்து வந்து சேர அந்த நேரம் ஆகிவிடும். உடம்பெல்லாம் வியர்வை. கையைத் தொட்டால் சில்லென்றிருக்கும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல மூச்சு போதாது. பக்கத்தில் நின்றாலே நெஞ்சின் கரகரப்பு கேட்கும். முற்றிய நிலையில் வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளும். கூட வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடியே ஒன்றைத்தான் கேட்பார்கள்: "சிஸ்டர், முதல்ல ஆக்ஸிஜன் வைங்க!"

மெடிக்கல் வார்டு, ஐ.சி.யூ., கடைசியில் கேஷுவால்ட்டி என்று அரசு மருத்துவமனைச் செவிலியராகவே என் உத்தியோக காலம் கழிந்தது. ஆக்ஸிஜன் வைக்க ஒரு நொடி போதும். எவ்வளவு வைப்பது, எப்போது குறைப்பது, யாருக்கு வைக்காமலே இருப்பது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடித்தது. ஊசி மருந்துக்கு மில்லிகிராம் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போடும் நாங்கள், ஆக்ஸிஜனுக்கு மட்டும் வெகுநாள் கணக்கே எழுதியதில்லை. கேஸ் ஷீட்டில் 'ஆக்ஸிஜன் எஸ்.ஓ.எஸ்.', அதாவது தேவைப்பட்டால் கொடுக்கவும், என்று ஒரு வரி இருக்கும். எத்தனை லிட்டர், எந்த மாஸ்க், எவ்வளவு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும் சதவீதம்) வரும்வரை என்ற விவரம் எதுவும் இருக்காது. பிரிட்டனின் மார்பு நோய்ச் சங்கம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆக்ஸிஜனை மற்ற மருந்துகளைப் போலவே எழுதித் தர வேண்டும், இலக்கையும் குறிப்பிட வேண்டும் என்று சொன்னார்கள். பெரும்பாலோருக்கு 94 முதல் 98 சதவீதம். கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92. அந்த வழக்கம் எங்கள் வார்டுக்கு வந்து ஒட்டிக்கொள்ள மேலும் சில வருஷங்கள் ஆயின.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வார்டில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கிடையாது. நாக்கை நீட்டச் சொல்லி, நகத்தைப் புரட்டி, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். எங்களுக்கு மூத்த சிஸ்டர்கள் அதற்கும் முந்தைய கதைகளைச் சொல்வார்கள். மூன்று கை கால்களில் பட்டி கட்டி, கால் மணிக்கு ஒருமுறை ஒரு கட்டை அவிழ்த்து நான்காவதில் மாற்றிக் கட்டுவார்களாம். ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதைக் குறைப்பதற்காக. நுரை தள்ளுகிறவருக்கு ஆக்ஸிஜனைத் தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட் வழியாகக் குமிழியிட்டு அனுப்புவதும் இருந்தது. சாராய ஆவி நுரையை உடைக்கும் என்பது கணக்கு. கட்டுக்கதை இல்லை அது. ஆல்டோ லூயிசாடா என்ற இதய மருத்துவர் 1950 வாக்கில் எழுதி, உலகம் முழுக்கப் பரவிய முறைதான். வார்டே சாராயக் கடை மாதிரி மணக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். இதயத்தின் இடது கீழறை ரத்தத்தை முன்னால் தள்ள முடியாமல் திணறுகிறது. கடை மடை அடைத்துக்கொண்டால் மேல் வயலில் தண்ணீர் ஏறுவதைப் போல, பின்னாலிருக்கும் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி, நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. காற்று உள்ளே போகிறது, ரத்தமும் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனால் நடுவில் நீர். ஆக்ஸிஜன் அந்த நீரைத் தாண்டிப் போக வேண்டும். நோயாளியின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவது நோயின் விளைவு. நீரை வெளியேற்றுவதும் இதயத்தின் மேலுள்ள சுமையை இறக்குவதும்தான் வைத்தியம். நாம் மாஸ்க் வழியாகக் கொடுப்பது, அந்த வைத்தியம் பலிக்கும்வரை ஆளைத் தாங்கி நிற்கிற வேலை. கூட வருகிறவர்களுக்கு இதை விளக்க அந்த நேரத்தில் அவகாசம் இருக்காது.

முதல் வேலை அவரைப் படுக்க விடாமல் பார்த்துக்கொள்வது. ஸ்ட்ரெச்சரில் கொண்டு வருகிற அவசரத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டு வருவார்கள். அவரோ எழுந்து உட்காரப் போராடுவார். "அடங்க மாட்டேங்குறாரு சிஸ்டர்" என்பார்கள். அவர் உடம்புக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நிமிர்த்தி உட்கார வைத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, முன்னால் ஒரு கார்டியாக் டேபிளைத் தள்ளி அதில் தலையணை வைத்துக் கையூன்றச் சொன்னால், எந்த மருந்தும் ஏறுவதற்கு முன்பே முகத்தில் ஒரு தெளிவு வரும். காலில் ரத்தம் கொஞ்சம் தங்குவதால் நுரையீரலுக்கு வரும் சுமை குறைகிறது. பிறகு நரம்பில் ஊசிப் பாதை, ஈ.சி.ஜி., பிரஷர். பிரஷர் 220 இருந்தால் நைட்ரோகிளிசரின் டிரிப். நீரைச் சிறுநீராக இறக்கும் லாசிக்ஸ் ஊசி. லாசிக்ஸ் போட்டால் அரை மணிக்குள் சிறுநீர் வந்தாக வேண்டும். அந்தப் பையில் இறங்கும் அளவை நான் மானிட்டரைவிட அதிகமாக நம்புவேன்.

இவற்றுக்கிடையில்தான் ஆக்ஸிஜன். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி எண்ணைப் பார்க்கிறோம். 2021-ல் வந்த ஐரோப்பிய இதயச் சங்கத்தின் வழிகாட்டி சொல்லும் எல்லை 90 சதவீதம். அதற்குக் கீழே இருந்தால் கொடுக்க வேண்டும், தயக்கமே கூடாது. அதற்கு மேல் சரியாக இருப்பவருக்கு வழக்கத்துக்காகக் கொடுக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. எங்களில் பலருக்கு இந்த இரண்டாவது வாக்கியம்தான் தொண்டையில் சிக்கியது. ஆக்ஸிஜன் எப்படிக் கெடுதல் செய்யும்?

செய்யும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிறைந்துவிட்ட பிறகு நாம் கூடுதலாகத் தள்ளும் ஆக்ஸிஜனில் மிகச் சொற்பமே ரத்தத்தில் கரைகிறது. ஆனால் அந்த மிகுதி ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கிறது, இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்கள் உட்பட. சுருங்கிய குழாய்களை எதிர்த்துத் தள்ள வேண்டியது அதே தளர்ந்த இதயம். ஒரு பக்கம் குழாய்களை விரிக்க நைட்ரோகிளிசரினை ஏற்றிக்கொண்டு, மறுபக்கம் தேவையில்லாத பத்து லிட்டரால் சுருக்கிக்கொண்டிருப்பதில் என்ன அர்த்தம்? மாரடைப்புக்கு இதைப் பெரிய அளவில் சோதித்தவர்கள் சுவீடன்காரர்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வில் 6,629 பேர். சாச்சுரேஷன் 90-க்கு மேல் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்ஸிஜன், மீதிப் பேருக்கு வெறும் அறைக் காற்று. ஒரு வருஷத்தில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 5.0 சதவீதம், மறுபக்கம் 5.1. பலன் எதுவும் இல்லை. அடுத்த வருஷம் லான்செட் இதழில், பலவிதமான அவசர நோயாளிகள் சுமார் 16,000 பேரிடம் நடந்த 25 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தாராளமாக ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதல் என்று எழுதினார்கள்.

இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மகனிடம் சொல்ல முடியுமா? சாச்சுரேஷன் 96, மூச்சு மட்டும் வாங்குகிறது, அப்பாவுக்கு மாஸ்க் வைக்கவில்லை என்றால், கவனிக்கவில்லை என்று அர்த்தம். நம் ஆட்களுக்கு ஆக்ஸிஜன் இரண்டு விதமாகப் படும். வைக்காவிட்டால், "சும்மா போட்டு வச்சிருக்காங்க." வைத்துவிட்டால், "ஆக்ஸிஜன் வச்சிருக்காங்களாம்" என்று ஊருக்குப் போன் பறக்கும், காலையில் வேன் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் கடைசியாக முகம் பார்க்க வந்து நிற்பார்கள். வில்லன் வந்து மாஸ்க்கைப் பிடுங்கியதும் மானிட்டரில் நேர்கோடு ஓடுகிற காட்சிகளை எடுத்த சினிமாக்காரர்களுக்கு இதில் பங்குண்டு. கொரோனாவுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. சட்டைப் பையிலேயே ஆக்ஸிமீட்டர். "95 காட்டுது சிஸ்டர், நேத்து 97" என்று பதறி வருவார்கள்.

அந்தக் கருவியையும் அப்படியே நம்பிவிட முடியாது. இந்த நோயாளிகளின் விரல் குளிர்ந்து வியர்த்திருக்கும். ரத்த ஓட்டம் குறைந்த விரலில் எண் தள்ளாடும். திரையில் அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். விரலைத் தேய்த்துச் சூடேற்றுவோம், காது மடலுக்கு மாற்றுவோம், நகப்பூச்சைத் துடைப்போம், கறுப்பாக மருதாணி வைத்த விரலை விட்டுவிடுவோம். தோல் நிறமும் ஒரு விஷயம். 2020-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு: ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு, தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மை அளவு 88-க்கும் கீழே. வெள்ளையர்களில் அது 3.6 சதவீதம். நம் ஊர்க் கறுத்த விரல்களுக்கு இந்தக் கருவிகள் எவ்வளவு தவறும் என்பதை நம் ஊரிலேயே நிறைய அளந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, எண் ஒன்று சொல்லி ஆள் வேறொன்று சொன்னால் நான் ஆளைத்தான் நம்புவேன். சந்தேகம் என்றால் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. பார்க்கச் சொல்லி டாக்டரை எழுப்பிவிடுவேன்.

டூட்டி மாறும்போது ஒவ்வொரு கட்டிலின் முன்னாலும் நாங்கள் கேட்டுக்கொள்வது, "எத்தனை லிட்டர் ஓடுது?" ஃப்ளோமீட்டரின் கண்ணாடிக் குழலில் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. மேல் விளிம்பை அல்ல, நடுவைப் பார்க்க வேண்டும். குழல் சாய்ந்திருந்தால் கணக்கே தப்பு. அறைக் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறது. மூக்குக் குழலில் இரண்டு லிட்டர் என்றால் அது சுமார் 28 சதவீதம் ஆகும். நன்றாகக் குறைந்துபோனவர்களுக்குப் பை வைத்த என்.ஆர்.எம். மாஸ்க், 10 முதல் 15 லிட்டர். மூச்சை இழுக்கும்போது அந்தப் பை முழுக்கச் சுருங்கக் கூடாது. சுருங்கிய பையோடு ஐந்து லிட்டரில் என்.ஆர்.எம். மாட்டி அனுப்பப்பட்டவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெரிய மாஸ்க் போட்டதால் பெரிய வைத்தியம் ஆகிவிடாது.

வேறு ஊருக்கு அனுப்பும்போது சிலிண்டர் கணக்கு உயிர்க் கணக்கு. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. சின்னது பி டைப், சுமார் 1,500 லிட்டர் வாயு. ஆளுயர ஜம்போ டி டைப், சுமார் 7,000 லிட்டர். 15 லிட்டர் ஓடுகிற நோயாளிக்கு நிறைந்த பி டைப் நூறு நிமிடம் வரும். கேஜ் பாதி காட்டினால் ஐம்பது நிமிடம். மருத்துவக் கல்லூரி ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தால் அந்தப் பாதி சிலிண்டர் நடுவழியில் நின்றுவிடும். டிரைவரிடமும் உடன் போகும் ஊழியரிடமும் இந்தப் பெருக்கல் வகுத்தலைப் போடச் சொல்லாமல் நான் வண்டியை விட்டதில்லை. எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடவும் விட்டதில்லை. அந்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வரும் ஊழியர்களோடு எனக்கு இதில் ஓயாத சண்டை.

இந்த நோயில் வெறும் ஆக்ஸிஜனைவிட வேலை செய்வது, அழுத்தத்தோடு கொடுக்கும் காற்று. சிபாப், பைபாப் என்கிறோம். மூச்சு நிமிடத்துக்கு 25-க்கு மேல் போய், சாச்சுரேஷன் 90-க்குக் கீழ் நின்றால் அதை யோசிக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். இறுகப் பொருந்திய மாஸ்க் வழியே ஐந்து சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் தொடங்கி, தேவைக்கேற்பப் பத்து வரை ஏற்றுவோம். அந்த அழுத்தம் காற்றறைகளை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையும் சற்றுக் குறைக்கிறது. இதன் பூர்வீகம் வேடிக்கையானது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் போல்டன் என்ற மருத்துவர், வாக்வம் கிளீனரின் ஊதும் முனையை மாஸ்க்கோடு இணைத்து, இதய நோயாளிகளின் நுரையீரல் நீருக்கு இந்த வைத்தியத்தைச் செய்து 1936-ல் லான்செட்டில் எழுதினார். ரொம்ப காலம் கழித்து 2008-ல் பிரிட்டனின் 26 மருத்துவமனைகள் சேர்ந்து 1,069 பேரிடம் சோதித்தார்கள். ஏழு நாள் இறப்பில் வித்தியாசம் இல்லை: அழுத்தக் காற்றுக்கு 9.5, சாதாரண ஆக்ஸிஜனுக்கு 9.8 சதவீதம். ஆனால் மூச்சுத் திணறலும் ரத்தத்தின் அமிலத்தன்மையும் சீக்கிரம் சரியாயின. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், தொண்டையில் குழாய் போட வேண்டிய நிலை வெகுவாகக் குறைவதாகவும் மருத்துவமனை இறப்பும் குறைவதாகவும் சொல்கிறார்கள். வார்டில் நின்று பார்த்த எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் நெருக்கம்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. மூச்சுக்குத் திணறுகிறவரின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடிப் பட்டை கட்டுகிறோம். அவர் பிடுங்கி எறியத்தான் பார்ப்பார். பூ விற்கிற ஒரு பாட்டி என் கையை நகத்தால் கீறிவிட்டு, "யம்மா தாயி, என்னைக் கொல்லாத, கழட்டிவிடு" என்று அலறினார். பட்டையைக் கட்டவே கூடாது முதலில். "பாட்டி, நான் கட்டல, கையிலதான் பிடிச்சிருக்கேன். பிடிக்கலைன்னா நீங்களே தள்ளிவிட்டுருங்க. ஒரே ஒரு மூச்சு. அவ்வளவுதான்" என்று சொல்லி, அவர் கையையே மாஸ்க்கின் மேல் வைக்கச் சொன்னேன். ஒரு மூச்சு. தள்ளினார். மறுபடி ஒன்று. நாலைந்து மூச்சுக்குள், காற்று தானாக உள்ளே வருகிறது என்று உடம்பு கண்டுகொள்ளும். அப்புறம் நாம் எடுத்தாலும் அவர்கள் விடமாட்டார்கள். பட்டை கட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. பெரிய மீசையில் காற்று கசியும். பல்செட்டைக் கழற்றினால் கன்னம் குழிந்து கசியும், அதனால் பல்செட் இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுவேன். இரு பக்கமும் மூக்குத்தி போட்ட பாட்டிகளுக்கு மூக்குத் தண்டில் புண் வரும். காஸ் மடித்து வைக்க வேண்டும். பாம்படம் போட்ட காதுகளில் பட்டை மாட்டிக்கொண்டால் காது அறுந்துவிடும். எந்த நர்சிங் புத்தகத்திலும் பாம்படம் கிடையாது. வாந்தி எடுப்பவருக்கும் நினைவு மங்கியவருக்கும் பொதுவாக இந்த மாஸ்க் ஆகாது. பிரஷர் ஏற்கெனவே விழுந்திருந்தால் அழுத்தம் மேலும் விழவைக்கும். அதனால் மாட்டியதும் பி.பி. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரை மணி ஒரு செவிலியர் அந்தக் கட்டிலை விட்டு நகரவே கூடாது. நாற்பது பேருக்கு இரண்டு சிஸ்டர் இருக்கிற வார்டில் அது எப்படி நடக்கும் என்று கேட்டால், எனக்குப் பதில் தெரியாது. சுகாதாரத் துறைதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு ரகம், பீடி குடித்து நுரையீரலும் கெட்டு, இதயமும் கெட்டுப்போன பெரியவர்கள். இவர்களில் பலருக்கு உடம்பில் கரியமில வாயு ஏற்கெனவே தேங்கியிருக்கும். அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் போனால் அது இன்னும் ஏறும். அப்படி ஒருவருக்கு மூக்குக் குழலில் இரண்டு லிட்டர் வைத்து, 90 சதவீதத்தில் நிறுத்தியிருந்தோம். விடியற்காலை ரவுண்டு போகையில் மகன் நிம்மதியாகச் சொன்னார்: "இப்பத்தான் சிஸ்டர் அப்பா நல்லா தூங்குறாரு." சாச்சுரேஷன் 99. குண்டு எட்டில் மிதந்தது. தட்டினேன், கண் திறக்கவில்லை. தூக்கமில்லை அது, கரியமில வாயு மயக்கம். "கம்மியா ஓடுச்சு, நான்தான் கொஞ்சம் கூட்டி வச்சேன்" என்றார் அவர், உதவி செய்துவிட்ட குரலில். டாக்டர் ஓடி வந்து, ஆக்ஸிஜனைச் சட்டென்று நிறுத்தாமல் அளவாகக் குறைத்து, பைபாப் மாட்டினார். மதியத்துக்குள் பெரியவர் கண் திறந்து காபி கேட்டார். மகனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்று முதல் ஒவ்வொரு ஃப்ளோமீட்டரிலும் பிளாஸ்டரில் லிட்டர் அளவும் இலக்கு எண்ணும் எழுதி ஒட்டினோம். முடிந்தவரை இவர்களுக்கு வென்சுரி மாஸ்க்கும் கேட்டு வாங்கினோம். நீல அடாப்டர் 24 சதவீதம், வெள்ளை 28. அதில் யார் குமிழைத் திருகினாலும் சதவீதம் பெரிதாக ஏறாது.

குறைப்பதும் நிறுத்துவதும் சடங்கு மாதிரி ஆகிவிடக் கூடாது. சிறுநீர் நன்றாக இறங்கி, மூச்சு இருபதுக்கு வந்து, ஆள் வாக்கியமாகப் பேசத் தொடங்கினால் லிட்டரைக் குறைத்துக்கொண்டே வந்து, 94-க்கு மேல் தாக்குப் பிடித்தால் எடுத்துவிட வேண்டும். மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் குடும்பத்துக்குப் பயம் வரும். "எடுத்துட்டீங்களே சிஸ்டர்?" நான் நோயாளியிடம்தான் கேட்பேன்: "ஐயா, இப்ப எப்படி இருக்கு?" "மூக்கு காயாம இருக்கும்மா" என்பார்கள் பெரும்பாலும்.

படிப்பவர்கள் வீட்டிலும் இப்படி ஓர் இதய நோயாளி இருக்கலாம். நடுராத்திரியில் மூச்சு முட்டினால் படுக்க வைக்காதீர்கள், வண்டியிலும்கூட. நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுக்காதீர்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். வார்டில் ஆக்ஸிஜன் குமிழைத் தொடாதீர்கள். குறைவாக ஓடுவதாகத் தோன்றினால் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ராத்திரி எத்தனை தடவையானாலும். கொரோனா சமயத்தில் வாங்கிய கான்சன்ட்ரேட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து ஆக்ஸிஜனைத் தருமே தவிர, நுரையீரலில் கோத்த நீரை இறக்காது. அதை ஓடவிட்டு, விடிந்ததும் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். அப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள்.